பேர் கேட்ட பிறகே ஸ்பேனர்

கழிப்பறை ரிப்பேருக்கு வருகிற எல்லோரும் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். அப்புறம், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். நான் கூப்பிடுகிற பிளம்பர் அக்கா இரண்டையும் செய்ய மாட்டார். வாசலிலேயே பையை இறக்கி வைத்துவிட்டு, "இதுல யாரு யாரு போறீங்க? பேரச் சொல்லு" என்பார். சொல்லி முடிக்கும்வரை பையிலிருந்து ஸ்பேனர் வெளியே வராது. சொன்ன பேரையெல்லாம் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதிவைப்பார். வேலை முடிந்ததும் அவரே ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார்.

எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. அடைப்பு எடுக்க வந்தவருக்கு வாக்காளர் பட்டியல் எதற்கு என்று சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடலூர் ஓல்டு டவுனில், உப்பனாற்றில் கட்டியிருந்த ஒரு பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. மீன் பிடிக்கிற படகு இல்லை, பணம் இருப்பவர்கள் காற்று வாங்கப் போகிற வகை. உள்ளே படுக்கை, அடுப்பு, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கழிப்பறை எல்லாம் உண்டு. முதலாளி சென்னையில் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த நான் தினமும் சிதம்பரத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்து, அவர் வராத இருபத்தெட்டு நாளும் அந்தப் படகைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

படகுக் கழிப்பறையில் வாளித் தண்ணீரை ஊற்றினால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருக்கும். அதை அடித்தால்தான் கழிவு குழாய் வழியாக, முன்படுக்கைக்கு அடியில் இருக்கிற டேங்குக்குப் போய்ச் சேரும். நிறைந்ததும் கரைக்கு லாரியை வரவழைத்து, மேல்தளத்து மூடி வழியாக உறிஞ்சி எடுக்க வேண்டும். டேங்க் மூச்சுவிட ஒரு மெல்லிய குழாய் உண்டு. அது படகின் வெளிப்பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுண்டுவிரல் நுழைகிற ஒரு ஓட்டையில் முடியும். அந்த ஓட்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சுனாமிக்குப் பிறகு பிளம்பிங் கற்றவர். ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் மீனவக் குப்பத்துப் பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்ததாம். கூடக் கற்றவர்கள் சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட, இவர் மட்டும் புடவைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மொபெட்டில் உரச்சாக்குப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முகம் எப்போதும் யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரியே இருக்கும். பாதி நாள் உண்மையிலேயே போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்.

முதல் முறை அவர் வந்தது, கழிப்பறைப் பீங்கானில் அழுக்குத் தண்ணீர் திரும்பித் திரும்பி ஏறியபோது. அன்று படகில் முதலாளியும் அவருடைய சம்பந்தியும் இருந்தார்கள். சம்பந்தி பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா அவரையும் விடவில்லை. பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, "போனப்புறம் பம்பு எத்தன அடிச்சீங்க?" என்றார்.

"எவ்வளவும்மா, ஒரு மூணு நாலு."

"பதினஞ்சு அடிக்கணும். நாலோட வுட்டா பாதிக் கொழாயிலயே நின்னுடும். சிதம்பரம் போவ பஸ் ஏறிட்டு நீங்க புதுச்சத்திரத்துலயே எறங்கிடுவீங்களா?"

சம்பந்தி முகம் சிவந்துவிட்டது. இதெல்லாம் என்னிடம் ஏன் கேட்கிறாள் என்று முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்ககிட்ட கேக்காம வேற யாருகிட்ட கேக்குறது? போனது நீங்கதான?" என்றார் அக்கா. பம்பைக் கழற்றி, டேங்குக்குப் போனது திரும்பி வராமல் தடுக்கிற ரப்பர் வால்வை எடுத்துக் காட்டினார். வாத்து அலகு போல வாய் மூடியிருக்க வேண்டியது, உப்புப் படிந்து கல்லாகி, ஆவென்று திறந்து கிடந்தது. அதற்குள் சிக்கியிருந்த ஈர டிஷ்யூவையும் காது குடையும் குச்சியையும் ஒரு தட்டில் எடுத்து, சம்பந்திக்கு எதிரே மேஜைமேல் வைத்தார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். புது வால்வு மாட்டியதும் தண்ணீர் ஏறுவது நின்றது.

அடுத்த முறை நாற்றம். எங்கேயும் கசிவில்லை, எல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தது, ஆனால் உள்ளே நிற்க முடியவில்லை. முதலாளி ஊதுபத்தி ஏற்றச் சொல்லியிருந்தார். அக்கா முதலில் ஊதுபத்தியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார். பிறகு அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, ஐந்து துணிகளை அதில் முக்கிப் பிழிந்து, குழாய் நெடுக ஐந்து இடத்தில் சுற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். துணி ஆறியதும் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். மூன்று துணி வெறும் துணியாக இருந்தது. நான்காவதை முகர்ந்துவிட்டு என் பக்கம் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பினேன்.

"மோந்து பாரு. உன் மொதலாளி வூட்டு நாத்தம். நான் மட்டும் மோக்கணும்னு எனக்கு என்னா வேண்டுதலா?"

முகர்ந்தேன். அந்த இடத்தில் குழாய் தாழ்ந்து தொங்கியதில் கழிவு தேங்கி, ரப்பரே நாற்றத்தை ஊறக் குடித்திருந்தது. அந்தத் துண்டை வெட்டிப் புதுக்குழாய் போட்டார். நாற்றம் போயே போய்விட்டது. வேலை என்று பார்த்தால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, "ஏங்க்கா எப்பவும் இவ்ளோ கோவமாவே இருக்கீங்க, எதாவது நடந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு கதை வரும், கேட்டு உச்சுக் கொட்டலாம் என்று எதிர்பார்த்தேன்.

"கோவப்படணும்னா எனக்கு எதாச்சும் நடந்திருக்கணுமா? உனக்கு ஏன் கோவமே வரலன்னு நான் கேட்டனா?" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வராததற்கான விலையை மார்கழியில் வேறொருவர் கொடுக்கவிருந்தார்.

ஐப்பசி மழைக்கு முன்பு படகைக் கரையேற்றி, ஆற்றோரம் ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிற பட்டறையில் விட்டு, வெளிப்பக்கம் முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்தோம். கண்ணாடி மாதிரி செய்து கொடுத்தார்கள். மழை விட்டு, கார்த்திகையில் தண்ணீரில் இறக்கிய சில வாரத்தில் கழிப்பறைப் பம்பு கனக்க ஆரம்பித்தது. பிறகு அடிக்கவே முடியவில்லை. முன்படுக்கையின் பலகை ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது. தூக்கிப் பார்த்தால் டேங்க் ஊதிப்போயிருந்தது. லாரிக்காரர் இரண்டு நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார். அக்காவுக்குப் போன் செய்தேன். செம்மண்டலத்தில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வருகிறேன், அதுவரை எதையும் தொடாதே என்றார்.

முதலாளிக்கு அவசரம். ஆருத்ரா தரிசனத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தார். படகில் தங்கிவிட்டு, விடியற்காலையில் சிதம்பரம் போவதாகத் திட்டம்.

"அந்தம்மா வந்தா பேர் கேட்டே பொழுதை ஓட்டிடும். டேங்க் கிளீன் பண்ற ஆளுங்க இருப்பாங்கல்ல, ஒருத்தனைப் புடிச்சு மூடியக் கழட்டி அள்ளிப் போடச் சொல்லுப்பா. மத்தியானம் நான் வரும்போது வாசனையா இருக்கணும்" என்றார் போனில்.

"சரி சார்" என்றேன். இந்த இரண்டு வார்த்தையை நான் வாழ்நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. இந்த ஒரு முறைக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது.

டீக்கடையில் விசாரித்ததில் ஒரு நம்பர் கிடைத்தது. 'டேங்க் ஆளு' என்று போனில் பதிந்துகொண்டேன். டீக்கடைக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு போய்க் கூட்டி வந்தேன். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். படகில் ஏறியதும் அதைக் கழற்றி, மடித்து, காற்றில் பறக்காமல் கம்பியில் செருகி வைத்தார். கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காத்து வருமா சார்?" என்று கேட்டார்.

"சின்ன டேங்க்குதாண்ணே" என்றேன்.

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. மூடிய இடத்தில் கழிவு தேங்கினால் என்ன வாயு வரும், அதை முகர்ந்தால் ஆள் எப்படிச் சுருண்டு விழுவான் என்பதெல்லாம் நான் படித்துப் பரீட்சை எழுதியவன். அவருக்கு அனுபவத்தில் தெரியும், அதனால்தான் கேட்டார். தெரிந்தேதான் நான் அப்படிச் சொன்னேன்.

அவர் படுக்கைப் பலகையை நகர்த்தி, குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் அந்தப் பொந்துக்குள் விட்டு மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நான் மேலே நின்று கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது திருகு தளர்ந்ததும் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. அப்புறம் ஸ்பேனர் விழுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா கரையிலிருந்து போட்டிருந்த பலகை மேல் நடந்து படகுக்கு வந்தார். என் மூக்கிலிருந்த கர்ச்சீப்பைப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

"டேங்க் ஆளு..."

பையைப் போட்டுவிட்டு ஓடினார். "மேல் ஜன்னலத் தெற" என்று கத்திக்கொண்டே, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே இறங்கி இரண்டு காலையும் பிடித்து இழுத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டு நானும் போய் ஒரு காலைப் பிடித்தேன். மேல்தளத்தில் கொண்டுவந்து கிடத்தினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா அவர் நெஞ்சைத் தேய்த்தார், கன்னத்தில் தட்டினார், என்னைத் திட்டினார். திட்டியதில் எதையும் இங்கே எழுத முடியாது, ஆனால் ஒன்றுகூடப் பொய் இல்லை. கிடந்தவர் இருமி, வாந்தி எடுத்து, கண்ணைத் திறந்தார். முதலில் கேட்டது சட்டையை.

அக்கா அதை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டார். காதருகே குனிந்து, "அண்ணே, உங்க பேரு என்னா?" என்று கேட்டார். அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. தெரிந்த ஆட்டோக்காரரை வரவழைத்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூட நான் போயிருக்க வேண்டும். படகை விட்டுவிட்டு வந்தால் முதலாளி என்ன சொல்வாரோ என்று நின்றுவிட்டேன்.

அக்காவும் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "இத இப்படியே வுட்டா நான் அந்தாண்ட போனதும் இன்னொருத்தர இட்டாந்து வுடுவ" என்றார். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் யாரையும் உள்ளே இறங்க விடவில்லை. பிறகு என்னையும் எங்கள் சின்னத் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு, பாய்மரப் படகின் வெளிப்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றினார்.

"இங்க ஒரு ஓட்ட இருக்கணும். டேங்க் மூச்சுவுடுற ஓட்ட. எங்க அது?"

ஓட்டையைக் காணோம். வெள்ளைப் பெயிண்ட் வழவழவென்று மின்னியது. பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டேன். மேஸ்திரி பெருமையாகச் சொன்னார்: "ஆமா தம்பி, சைடுல சின்னதா ஒரு ஓட்ட இருந்துச்சு. எவனோ வுட்டுட்டுப் போயிருக்கான். நீங்க சொல்லாமயே பட்டி வச்சி அடச்சி, தேச்சி, பெயிண்ட் அடிச்சிட்டோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கிழித்திருப்பேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். அவருக்கு மேஸ்திரி மேல் துளிக்கூடக் கோபம் இல்லை. "அவுங்க மேல என்னா தப்பு? கடலுக்குப் போற போட்டுல ஓட்டயப் பாத்தா அவுங்க அடைக்கத்தான் செய்வாங்க. அத நம்பித்தான ஊரே கடலுக்குப் போவுது. இது அடைக்கக் கூடாத ஓட்டன்னு சாக்பீஸால ஒரு வட்டம் போட்டுட்டு வர உனக்குக் கையில்ல" என்றார்.

ஓட்டை இருந்த இடம் தெரிய, பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு எடுத்த போட்டோவை என் போனில் தேடிக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. திரையில் 'டேங்க் ஆளு' என்று வந்தது. ஆட்டோக்காரர்தான் அவர் போனிலிருந்து கூப்பிட்டிருந்தார். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், பேசுகிறார் என்றார். அக்கா கேட்டுவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

"அவுங்க அம்மா வச்ச பேரா இது?"

நான் போனுக்குக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"என்னய எப்படிப் போட்டு வச்சிருக்க?"

'பிளம்பர் அக்கா' என்று இருந்ததை அவரே தேடி எடுத்தார். பிறகு முதலாளியைத் தேடினார். அவர் பேர் இனிஷியலோடு, முழுசாக, கடைசியில் ஒரு 'சார்' சேர்த்து இருந்தது. போனை என் மடியில் போட்டார். அந்த நாளில் அவர் என்னிடம் கத்தாத ஒரே நேரம் அதுதான்.

கரண்ட் டிரில் வேண்டாம், பொறி வரும் என்று கையால் சுற்றுகிற பழைய துளைப்பானை எடுத்தார். என்னை வாளியோடு எதிரே உட்காரவைத்தார். பட்டி உடைந்து துளை விழுந்ததும், தளர்ந்த மூடி வழியாகப் போனது போக மிச்சமிருந்ததை டேங்க் அரை நிமிடம் சீறித் தள்ளியது. தொடர்ந்து வந்த கருப்புத் தண்ணீர் வாளியில் பாதி, என் மேல் பாதி. நான் துடைத்துக்கொள்ளவில்லை. அக்கா உள்ளே போய், தளர்ந்திருந்த மூன்று திருகையும் முடுக்கிவிட்டு வந்தார். பலகை அதன் இடத்துக்கு இறங்கியிருந்தது.

மத்தியானம் முதலாளி வந்தார். காரிலிருந்து இறங்கியதும் நடந்ததைச் சொன்னேன். கழிப்பறை எப்போது தயாராகும் என்று கேட்டார். "ஆள் உள்ள விழுந்துட்டாரு சார்" என்றேன் மறுபடியும். "இப்ப நல்லாத்தான இருக்கான்? விடுப்பா" என்றார்.

அக்கா சாக்பீஸோடு வந்து நின்றார். "சார், உங்க பேரு?"

"நான் ஓனர்மா."

"பேரக் கேட்டேன். டேங்க் நெறஞ்சிருக்குது. இதுல போனது யாரு யாருன்னு எழுதணும்."

முதலாளி சிரித்தார். என்னைப் பார்த்து, இந்த அம்மாவை அனுப்பு என்பது போலக் கையை அசைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அக்கா சாக்பீஸைப் பைக்குள் போட்டார், ஸ்பேனரையும் போட்டார். டேங்க் நிறைந்தபடியே இருந்தது. முதலாளி குடும்பம் அன்று சிதம்பரத்தில் லாட்ஜ் தேடிப் போனது. கார் கதவைச் சாத்தும்போதும் முதலாளி என்னைத்தான் திட்டினார்.

அதன் பிறகு இரண்டு முறை அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் ஒரே கேள்விதான். "அன்னிக்கு உள்ள வுட்டியே, அவரு பேரு என்னா? சொல்லு, வர்றேன்." அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததா என்று கேட்கிறார். ஒரு போன் செய்தால் போதும், நம்பர் என்னிடம்தான் இருந்தது. பல மாதம் செய்யவில்லை. பேரைக் கேட்க வேண்டுமென்றால் நான் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தேன்.

கடைசியில் ஒரு நாள் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். மகள் போலிருக்கிறது. என் பேரைச் சொல்லி, படகு வேலைக்குக் கூட்டிப் போனது நான்தான் என்றேன். அப்பாவின் பேர் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டேன்.

"பேரு தெரியாமத்தான் எங்கப்பாவ உள்ள வுட்டீங்களா?" என்றார்.

அதற்குப் பிறகும் பேரைச் சொன்னார். அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும் சொன்னார். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன். அந்த அண்ணன் என்னை உட்காரச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வாரமே படகு வேலையை விட்டேன். முதலாளி மேல் எனக்குக் கோபம் வர அவ்வளவு காலம் ஆகியிருந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

அக்காவுக்குப் போன் செய்து பேரைச் சொன்னேன். "ம்" என்றார். இதையெல்லாம் எழுதப் போகிறேன், உங்கள் பேரைப் போடலாமா என்று கேட்டேன்.

"என் பேரு எதுக்கு? டேங்க் யாரோடதோ அவன் பேரப் போடு" என்றார்.

அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இனிஷியலோடு, முழுசாக, கடைசியில் சார் இல்லாமல். மேலே தேடிப் பாருங்கள், எங்கேயும் இருக்காது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன்.